வளர்ந்துகொண்டே போன திராட்சைக்கொடி

மலைச்சரிவில் நின்ற திராட்சைக்கொடிக்குத் தன் காலடியில் முளைத்த புல்லைக் கண்டாலே ஆகாது. "என் தண்ணீரையெல்லாம் இதுதான் குடிக்கிறது. வேர்வரை தின்றுவிடேன்," என்று ஆட்டைக் கூப்பிட்டது. ஆடு மூன்றே நாளில் சரிவை மொட்டையாக்கியது.

முதல் மழை மண்ணை அரித்துக்கொண்டு போனதில், கொடியின் வேர் ஒரு முழம் வெளியே தெரிந்தது.

"பார்த்தாயா, புல் போனதும் எவ்வளவு உயரமாகிவிட்டேன்!" என்றது கொடி.

"அது வேர் மாதிரி இருக்கிறதே," என்றது ஆடு.

"உனக்குப் பொறாமை."

அடுத்த மழை கொடியைப் பெயர்த்து அடிவாரத்து ஓடையில் தள்ளியது. மறுநாள் அங்கே வந்த ஆடு, "ஐயோ, என்ன ஆயிற்று?" என்று பதறியது.

"ஒன்றுமில்லை. மேலே காற்று ஒத்துக்கொள்ளவில்லை, நானாகத்தான் இறங்கி வந்தேன்."

"நல்லதாய்ப் போயிற்று. மேலே தின்ன ஒரு புல்கூட இல்லை," என்ற ஆடு, கொடியின் இலைகளை மேயத் தொடங்கியது.