இரண்டு மெஷின், ஒரு மோதிரம்

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவன் மாதிரி, நார்மன் இரண்டு மெட்டல் டிடெக்டர்களை வேலியில் சாய்த்துவைத்து மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வீட்டிலிருந்து நான் உலர்பழம் போட்ட ப்ளம் ரொட்டியோடு போனேன். வெறுங்கையோடு வேவு பார்க்கப் போவது மரியாதை இல்லை.

கறுப்பு மெஷினுக்கு ஆழத்தில் கிடப்பது தெரியுமாம். சாம்பல் நிறத்தது அவ்வளவு ஆழம் போகாது; ஆனால் கிடப்பது என்ன என்று எண் போட்டுச் சொல்லுமாம். கடைக்காரன் இரண்டையும் நம்பிக் கொடுத்தனுப்பியிருக்கிறான். திங்கட்கிழமை ஒன்று திரும்பிப் போக வேண்டும்.

அவனுடைய பழைய மெஷின் பீர் டின் மூடிக்கும் பொன்னுக்கும் ஒரே குரலில் கத்தும். அதை நம்பி மூன்று வருஷமாகப் பின்பக்க வயலைக் கிளறிவிட்டான். உழவு மிச்சம் என்று வயல்காரர் சந்தோஷமாக அனுமதி கொடுத்திருந்தார்.

எங்கள் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் மற்றவர்கள் ரோமானியக் காசு தேடுவார்கள். இவன் தேடுவது பெண்டாட்டி பெவர்லியின் கல்யாண மோதிரத்தை.

அது வயலுக்குப் போன கதை தெருவுக்கே தெரியும், எனக்குத் தெரியாமல் இருக்குமா. சமையலறை வாசலில் நின்று கழற்றினாள், வேலிக்கு அந்தப் பக்கம் வீசினாள், வாராவாரம் வரும் மீன் வண்டிக்காரனோடு அவன் ஊரான கிரிம்ஸ்பிக்குப் போய்விட்டாள். அதோடு எங்களுக்கு மீனும் நின்றது.

"வருவா. வர்றப்ப குடுக்க மோதிரம் வேணும்ல," என்பான் நார்மன். முகத்துக்கு நேரே தலையாட்டுவோம். சிரிப்பை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சிரிப்போம்.

அன்று சாம்பல் மெஷினைத்தான் முதலில் எடுத்தான். தன் மோதிரத்தைக் கழற்றிப் புல்லில் வைத்து, மெஷினின் வட்டத் தட்டை மேலே ஆட்டினான். சின்ன மணியோசை. திரையில் நாற்பத்தேழு.

இரண்டு மோதிரமும் ஒரே கடையில், ஒரே பொன்னில், ஒரே அளவில் செய்தவை. ஒரு பெண்ணுக்கு இவ்வளவு தடித்த விரலா என்று அப்போதே பேசித் தீர்த்துவிட்டோம். ஆக, அவளுடையதும் நாற்பத்தேழுதான் சொல்லும்.

"இதை உள்ள கொண்டுபோய் வை தாயே. நீயும் அங்கயே நில்லு. உன் கொண்டை ஊசிக்கெல்லாம் இது கத்தும்."

மோதிரத்தை ஒரு டீக்கோப்பையில் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன்.

வேலியைத் தாண்டி நாலு எட்டு வைத்திருப்பான். மணி அடித்தது.

குனிந்தான். மண்ணில் தட்டை வைத்தால் சத்தமில்லை. நிமிர்ந்து ஓர் எட்டு வைத்தான். மறுபடியும் மணி.

"ஏம்ப்பா, பூட்ஸ்ல இருக்கற இரும்பைத் துரத்துறியா?" என்று கத்தினேன். புது மெஷின் வாங்கிய எல்லோரும் ஒருநாளாவது தங்கள் காலையே தேடி அலைவார்கள்.

"ரப்பர் பூட்ஸ், மேவிஸ்." அவன் சிரிக்கவில்லை.

தட்டை மெல்லத் தூக்கினான். மண்ணை விட்டு விலக விலகச் சத்தம் தேய வேண்டும். வளர்ந்தது. முழங்கால் உயரத்தில் இன்னும் பலமானது. இடுப்புக்குச் சற்றுக் கீழே, அவனுக்கு இடப்பக்கம், விட்டுவிடாமல் அடித்தது.

"நாற்பத்தேழு," என்றான்.

நான் கோப்பைக்குள் பார்த்தேன். அவன் மோதிரம் அங்கேயேதான் கிடந்தது.

வலப்பக்கம் கொண்டுபோனான், சத்தமில்லை. இடப்பக்கம் கொண்டுவந்தான், மணி. பக்கத்தில் ஒருத்தி நின்றால் அவள் கை தொங்கும் இடம்.

பெவர்லிக்கு இடது காது மந்தம். நல்ல காது அவன் பக்கம் இருக்கட்டும் என்று எப்போதும் அவனுக்கு இடப்பக்கமாகவே நடப்பாள். இருந்தும் அவன் சொன்னது எதையும் அவள் கேட்டதில்லை என்பது வேறு கதை.

நார்மன் வீட்டைப் பார்த்து நடந்தான். தட்டு பக்கவாட்டில் நீண்டிருந்தது. மணி ஓர் இடத்திலும் அறுபடவில்லை. வேலிச் சந்தில் ஒருவர்தான் நுழைய முடியும். அங்கே ஒதுங்கி நின்று வழிவிட்டு, பிறகு இவன் நுழைந்தான்.

என்னைத் தாண்டிச் சமையலறைக்குள் வந்தான். சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அடுப்போர நாற்காலியை இழுத்துப் போட்டான். தட்டை மேசை விளிம்புக்குத் தாழ்த்தினான். மணி அங்கேயே நிலைத்து அடித்தது.

மெஷினை அணைத்தான்.

"மூணு வருஷம் நான் தேடினேன். அவ வந்ததும் எடுத்துப் போட்டுக்கிட்டா."

 

கோப்பையைச் சாய்த்துத் தன் மோதிரத்தை எடுத்து மாட்டிக்கொண்டான். கெட்டிலை அடுப்பில் வைத்தான். இரண்டு கோப்பைகளை எடுத்துவைத்தான். மூன்றாவது எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"கறுப்பைத் திருப்பிக் குடுத்துடறேன்," என்றான், விலை பேசி முடித்தவன் போல. "ஆழம் வேணாம் இனிமே."

அப்போதுதான் கூடத்தில் போன் அடித்தது.

அவன் திரும்பக்கூட இல்லை. "எடுக்காதே மேவிஸ். கிரிம்ஸ்பியிலேர்ந்துதான். தெரிஞ்ச சேதிதான்."

அடுத்த வீட்டுப் போனுக்குச் செருப்பில்லாமல் ஓடுகிறவள் நான். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. யார், என்ன என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையே வரவில்லை.