வலப்பக்கம் இழுக்கும் கார்

“உன் சாஃப்ட்வேர் சரியில்ல, க்வென். ஹைவேல நாப்பத்தொண்ணாம் எக்ஸிட் வந்தா கார் தானா வலப்பக்கம் ஒடிக்குது. இந்த வாரத்துல மூணு தடவை!”

லோவெல் சாவியை மேசையில் போட்டார். அவருடைய காருக்குக் கேமரா மாட்டி, சாலைக் கோட்டைப் பார்த்துத் தானே ஓடும்படி செய்து கொடுத்தவள் க்வென்.

“கோடு பிரியற இடத்துல கேமரா ஏமாந்துடும், லோவெல். டெட்ராய்ட் முழுக்க இந்தக் கூத்துதான்.”

“உனக்கு இது கூத்து. நேத்து லாரிக்காரன் ஹாரன் அடிக்கலன்னா நான் செத்திருப்பேன்.”

க்வென் மடிக்கணினியைக் காரோடு இணைத்து, கார் ஓடிய பதிவுகளைப் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

“கார் நேராப் போகத்தான் பாத்திருக்கு. மூணு தடவையும் உங்க கைதான் அதை மீறித் திருப்பியிருக்கு.”

“விளையாடாத. அந்தப் பக்கம் எனக்கு என்ன வேலை?”

கேட்ட பிறகுதான் லோவெலுக்கு உறைத்தது. நான்கு வருடமாக, தினமும் ஆலை வேலை முடிந்ததும் அந்த வழியாகத்தான் முதியோர் காப்பகத்துக்குப் போய், மனைவி வெர்னாவுக்கு சூப் ஊட்டிவிட்டு வருவார். அவளை அடக்கம் செய்து இருபது நாள் ஆகிறது.

க்வென் மடிக்கணினியின் இணைப்புக் கம்பியை மெல்லக் கழற்றினாள். “காருல ரிப்பேர் ஒண்ணும் இல்ல.”

லோவெல் சாவியை எடுத்துக்கொண்டார்.

“வீட்டுக்குப் போக வேற ரோடு இருக்கா, க்வென்?”