பச்சை ஒட்டு

குடத்தின் வயிற்றில் அரிவாளை வைத்ததும் அவளுக்குக் கை தயங்கியது.

புதுப் பிளாஸ்டிக் குடம். நல்ல பச்சை. பொங்கல் போட்டியில் ஊரே பார்க்க ஓடி ஜெயித்தது.

போனால் போகிறது என்று அறுத்தாள்.

சுண்டுவிரல் அகலத்தில் நாடா மாதிரி வந்தது. இன்னொன்றும் அறுத்தாள். குடத்தின் கதை முடிந்தது.

முற்றத்தில் பூச்சிமருந்தடிக்கிற டேங்க் குப்புறக் கிடந்தது. முதுகில் மாட்டிக்கொண்டு அடிப்பது. மாட்டியவர் இடுப்பில் வந்து உட்காருகிற இடத்தில் நீளமாக ஒரு விரிசல்.

போன தடவை மருந்து இறங்கியது அந்த விரிசல் வழியாகத்தான். முதுகு நனைகிறது, வேர்வைதானே என்று நினைத்துக்கொண்டே காடு முழுக்க அடித்து முடித்தான் அவள் புருஷன் கொண்டல்சாமி.

வீடு வந்து சேரவில்லை. வரப்பில் நுரை தள்ளிக் கிடந்தவனை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினாள். பிழைத்தது பெரும்பாடு.

உடம்பு தேறிவிட்டது. பயம் தேறவில்லை.

டேங்கைத் தொடமாட்டான். காட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். கட்டிலில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த உட்காரலைப் பார்க்கத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

இப்போது மக்காச்சோளத்தில் புழு. குருத்துக்குள் இறங்கித் தின்கிறது. இன்றைக்கு அடிக்காவிட்டால் மாட்டுக்குப் போடக்கூட மிஞ்சாது. ஊரில் எல்லார் காட்டிலும் அதே பாடு. யாரிடம் போய் டேங்க் கேட்பது?

காலையிலேயே கடைப் பசையை வாங்கி அப்பிப் பார்த்தாள். கல்லாக இறுகியது. அவளும் சந்தோஷப்பட்டாள். தண்ணீர் ஊற்றியதுதான் தாமதம், புண்ணில் பக்கு உரிகிற மாதிரி உரிந்து கையில் வந்தது.

பசையாம் பசை!

தெருவில் குடம் ஒட்ட வருகிறவன் பசையைத் தொட்டதே இல்லையே என்று அப்புறம்தான் உறைத்தது. அவன் உருக்கி ஒட்டுவான். அதுவும் துளி கொளுத்தி முகர்ந்து, ஒரே இனமாகப் பார்த்து.

டேங்கை சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்ப அலசினாள். ஓரத்தில் துளி சீவிக் கொளுத்தினாள். மெழுகுவத்தி வாசம்.

வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் சீவிக் கொளுத்தினாள். வாளி வேறு மாதிரி நாறியது. மூடி, கூடை, எதுவும் சேரவில்லை. பழைய குடம் வெயிலில் காய்ந்து பொரிந்துபோயிருந்தது.

புதுக் குடம் மெழுகுவத்தி வாசம் அடித்தது. அவள் நேரம்!

கோணி ஊசியை அடுப்பில் பழுக்கவைத்து, விரிசல் மேற்கொண்டு ஓடாதபடி அதன் இரண்டு முனையிலும் பொத்தல் போட்டாள். தோசைத்திருப்பியைக் காய்ச்சினாள். நாடாவும் டேங்கும் ஒன்றாக இளகும்போது அழுத்தித் தேய்த்தாள். புகை கண்ணைக் கரித்தது. விரலைச் சுட்டுக்கொண்டாள். விடவில்லை.

நீல டேங்கில் பச்சையாக ஒரு தடித்த வரி. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது.

ஆறியதும் தண்ணீர் நிரப்பினாள். சேலைக்கு மேல் புருஷனின் வெள்ளைச் சட்டையை மாட்டினாள். டேங்கை முதுகில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினாள். குனிந்தாள். நிமிர்ந்தாள். குதித்தாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

திரும்பி வந்து கட்டிலுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றாள்.

ஒரு சொட்டு இல்லை.

"வெறுந் தண்ணி நிக்கும். மருந்து நிக்குமா?" என்றான் கொண்டல்சாமி.

"வரப்புல வந்து நின்னு பாருங்க."

வரமாட்டான் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவளைத் தனியாக அனுப்ப அவனுக்கு மனசு வரவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

வாயையும் மூக்கையும் இறுக்கக் கட்டிக்கொண்டு அடித்தாள். குருத்துக் குருத்தாக. அவள் கூடவே வரப்பில் நடந்தான் அவன். பயிர் எப்படி இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. அவள் இடுப்பிலேயே கண்ணாக இருந்தான்.

டேங்க் காலியானது. வரப்பேறி வந்து இறக்கினாள்.

சட்டை நனைந்திருந்தது. ஒட்டு உட்கார்ந்த அதே இடத்தில்.

அவன் முகம் வெளுத்தது. அதைப் பார்த்து அவளும் கழுத்தைத் திருப்பிச் சட்டையைப் பார்த்தாள். அவ்வளவுதானா?

குனிந்தான். சட்டையில் மூக்கை வைத்து முகர்ந்தான். டேங்கைத் திருப்பி ஒட்டின் மேல் விரலை ஓட்டினான். ஈரமே இல்லை. மறுபடியும் முகர்ந்தான்.

"வேர்வதான் புள்ள."

அடேயப்பா, அவள் சிரித்த சிரிப்பு! பக்கத்துக் காட்டில் அடித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மூக்குக் கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டுச் சிரித்தாள். ஜெயித்துவிட்டாள். சிரிக்காமல் என்ன செய்வாள்?

பாதிக் காடு பாக்கி இருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அடுத்த டேங்குக்கு அவள் தண்ணீர் மொள்ளக் குனிந்தாள்.

"அந்தச் சட்டையக் கழத்திக் குடு" என்றான்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கழற்றிக் கொடுத்தாள். அவன் அதை மாட்டிக்கொண்டான். முதல் பொத்தானைத் தப்பான துளையில் போட்டு, கழற்றி மறுபடியும் போட்டான்.

"ஈரச் சட்டையில கசிஞ்சாத் தெரியாதுங்க. ஓடிப்போய்க் காஞ்சதா ஒண்ணு எடுத்தாரேன்."

"அது எதுக்கு?" கொண்டல்சாமி துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டான். "நீ மருந்தக் கலக்கு."