கழுத்தில் பச்சை

நேர்காணலுக்குப் போகிறவர்கள் உடையின் கழுத்தில் ஒரு சின்ன விளக்கைக் குத்திக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். மனம் அமைதியாக இருந்தால் பச்சை, பதறினால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் கேள்வியே கேட்காமல் அனுப்பிவிடுவார்கள். உறுத்தாத துணியாகப் பார்த்துப் பார்த்து உடுத்தியும் கஸ்தூரி நான்கு இடங்களிலிருந்து திரும்பி வந்திருந்தாள்.

இப்போது நேர்காணலுக்குப் போகும் தங்கை வேணிக்கு, விளக்கைக் குத்திக் குத்தி உடை பார்த்துக்கொண்டிருந்தாள். வேணியின் கணவன் தயாளனுக்கு நேற்றுதான் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது.

லேசான பருத்திச் சுடிதாரில் பச்சை எரிந்தது. கஞ்சி போட்டு மொடமொடவென்றிருந்ததிலும் பச்சைதான்.

"எதுடி வசதியா இருக்கு?"

"எல்லாம் ஒண்ணுதான்க்கா."

கஸ்தூரி வேணியின் பெட்டியைத் திறந்து, தலை தீபாவளிக்குத் தயாளன் எடுத்துக்கொடுத்த பட்டுச் சுடிதாரை வெளியே எடுத்தாள். வேணி வாங்கி உடுத்திக்கொண்டாள். விளக்கு பச்சையிலேயே நின்றது.

"ஒரு தடவ அழுதுடுடி," என்றாள் கஸ்தூரி. "இந்த வேலை கிடைக்கலேன்னாலும் பரவால்ல."

வேணி முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

"கொக்கி மாட்டி விடுக்கா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."