பதினான்கு விண்டோஸ்

"தம்பி, நிப்பாட்டும்!"

முதல் கணினியில் இருந்த திருட்டு விண்டோஸை அழிக்கப்போன கிஷாந்த் கையை எடுத்தான். வெள்ளவத்தையில் அந்த மொழிபெயர்ப்பு அலுவலகத்தின் பதினான்கு கணினிகளுக்கும் அவன்தான் பொறுப்பு. யாரோ பெயர் போடாமல் மொட்டைப் பெட்டிசம் எழுதிப் போட்டதில், நாளைக் காலை லைசென்ஸ் பார்க்க ஆட்கள் வருகிறார்கள்.

"லினக்ஸ் போட்டால் சல்லிச் செலவும் இல்லை, களவும் இல்லை, சேர்."

"ஆறு வருசமா இதைத்தானே ஓதுறீர்! டைப் பண்ணுற பிள்ளைகள் விண்டோஸில பழகினதுகள். பதினாலுக்கும் ஒரிஜினல் வாங்கிட்டன்," என்றார் முதலாளி ஸ்ரீஸ்கந்தராசா.

"அவ்வளவு செலவழிச்சோ, சேர்?"

"ஓம். வித்த கொம்பனியே மாசாமாசம் வந்து மெஷினுகளைப் பார்க்குமாம். அதால... இந்த மாசத்தோட உம்மை நிப்பாட்ட வேண்டிக் கிடக்கு."

கிஷாந்த் லினக்ஸ் பென்டிரைவைக் கணினியிலிருந்து கழற்றினான்.

"எனக்கும் கவலைதான், தம்பி. அந்தப் பெட்டிசக்காரன் ஆம்பிட்டால் உம்மட கையிலதான் குடுப்பன். நல்லா ரெண்டு சாத்தும்."

"ஓம், சேர்."

இப்படியொரு நெருக்கடி வந்தாலாவது முதலாளி லினக்ஸுக்கு மாறுவார் என்று நம்பி, போன மாதம் அந்தப் பெட்டிசத்தைத் தபாலில் போட்டவன் கிஷாந்த்தான்.