ஒரு பேரைச் சொல்ல இத்தனை பாடா

“அக்கா, மூணே மூணு வார்த்தை. ‘இளங்கோ ஆட்ஸ்ல பாருங்க.’ அவ்ளோதான். சொல்லிடுங்க, நான் போயிடறேன்.”

மைக்கை நீட்டிப் பிடித்து இளங்கோவுக்குக் கை வலித்தது. வில்லியனூர் மார்க்கெட்டில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் குப்பு, மைக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நெத்திலிக் குவியல் மேல் உட்கார்ந்த ஈயை விரட்டப் போய்விட்டாள்.

“பழைய பேரே நல்லாத்தானே இருந்துச்சு தம்பி,” என்றாள் மறுபடியும்.

பழைய பேர் ‘ஊர்க்கடை’. பாகூரிலிருந்து வில்லியனூர் வரை உள்ளூர் செய்திப் பக்கங்களிலும் யூடியூப் சேனல்களிலும் சின்னக் கடைக்காரர்களின் விளம்பரங்களை ஓட்டும் நெட்வொர்க் அது. மூலக்குளத்தில் ஒரு மாடி அறையில் இளங்கோ தனியாளாக ஆரம்பித்தது. அந்தப் பேரை எங்கேயோ ஒரு கம்பெனி முன்பே பதிவு செய்து வைத்திருப்பது இப்போதுதான் தெரிந்தது. மாற்றியே தீர வேண்டும். மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் தன் பேரையே வைத்துவிட்டான். சொந்தப் பேருக்கு எவன் வந்து உரிமை கொண்டாடப் போகிறான் என்ற தைரியம்.

உரிமை கொண்டாட யாரும் வரவில்லை. சண்டைக்குத்தான் எல்லோரும் வந்தார்கள். உரக்கடை கண்ணையனுக்கு லோகோவின் மஞ்சள் பிடிக்கவில்லை, நோய் வந்த நெல் பயிர் மாதிரி இருக்கிறதாம். பிளவுஸ் தைக்கும் மகாலட்சுமியிடம், கடையை இளங்கோ என்பவருக்கு விற்றுவிட்டீர்களா என்று வாடிக்கையாளர்கள் போன் போட்டுக் கேட்கிறார்களாம். சோரியாங்குப்பத்தில் டிராக்டர் வாடகைக்கு விடும் பாக்யராஜ், உன் பேரை ஊருக்குச் சொல்ல நான் எதற்கு விளம்பரம் கொடுக்க வேண்டும் என்று கேட்டுவிட்டான். அது கொஞ்சம் நியாயமாகவும் பட்டதால் அன்றைக்கு இளங்கோவுக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கிடையில் புதுச்சேரியிலிருந்து வேறொரு நெட்வொர்க் ஆள் அனுப்பி எல்லோரையும் இழுத்துக்கொண்டிருந்தது. கடைசியில் கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். குப்பு அக்கா புதுப் பேரில் பேசினால் இருப்போம், இல்லாவிட்டால் இன்று சாயங்காலத்தோடு கிளம்புகிறோம். இளங்கோவுக்கு விளம்பரம் கொடுத்த முதல் ஆள் அவள்தான். “வாங்க வாங்க, ஊர்க்கடையில பாத்துட்டு வாங்க” என்ற அவள் குரல் இந்தப் பக்கத்தில் கேட்காத போன் இல்லை. அந்த வாய்தான் இப்போது பூட்டிக்கொண்டுவிட்டது.

மத்தியானத்திலிருந்து நிற்கிறான். லோகோ நிறத்தை மாற்றுகிறேன் என்று சொல்லிப் பார்த்தான். அவளுக்கு மஞ்சள் ரொம்பப் பிடிக்குமாம். எழுதிக் கொடுத்தால் படிப்பீர்களா என்று கேட்டான். படிப்பேன், ஆனால் இது வேண்டாம் என்றாள். பிறகு தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். அதற்குப் பிறகு பல் வலி என்றாள். பல் வலியோடே பக்கத்துக் கடை ரோஸ்லினோடு பட்டாணியைக் கொறித்துக்கொண்டு அரட்டை அடித்தாள்.

“வேணும்னா ‘அந்தப் புது ஆட்ஸ்ல பாருங்க’ன்னு சொல்லட்டா?”

“எந்தப் புது ஆட்ஸ்னு ஜனங்க எப்படிக்கா கண்டுபுடிப்பாங்க?”

“அப்ப ‘தம்பி ஆட்ஸ்’னு வெச்சிடேன். கேக்கவும் நல்லாருக்குது.”

இளங்கோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் இவள் ஒரு நாள்கூடத் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மார்க்கெட்டில் மற்ற எல்லோருக்கும் அவன் இளங்கோ. இவளுக்கு மட்டும் தம்பி, இல்லாவிட்டால் ஊர்க்கடைக்காரன். தன் பேர் அவ்வளவு மட்டமா? மனசு கசந்துபோயிற்று.

“இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லிடுங்கக்கா. நான் நாலு பேர் மாதிரி மேல வர்றது உங்களுக்குப் புடிக்கல.”

குப்புவின் முகம் வாடிவிட்டது. “இன்னா தம்பி இப்படிப் பேசற. நீ நல்லாருக்கணும்னு மாதா கோயில்ல மெழுவத்தி ஏத்தறவ நான்.”

பேசிக்கொண்டிருக்கும்போதே கடை வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. கருவாட்டுக் கூடையோடு குப்புவின் கணவர் இறங்கினார். கடலுக்குப் போகிறவர், எப்போதாவதுதான் சரக்கு இறக்க இந்தப் பக்கம் வருவார். மார்க்கெட்டில் அவரைப் போட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். இளங்கோ அவரோடு இதுவரை பேசியதில்லை. இன்று நேராக அவரிடமே போய் நின்றான்.

“அண்ணே, நீங்களாவது நியாயம் சொல்லுங்க. எங்க கம்பெனிக்குப் புதுசா வெச்ச பேரை மைக்ல ஒரே ஒரு வாட்டி சொல்லச் சொல்றேன். மத்தியானத்துலேருந்து உசுரை எடுக்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள இவங்க சொல்லலன்னா நான் கம்பெனியையே மூடிட்டுப் போவ வேண்டியதுதான்.”

போட்டுக்காரர் கூடையை இறக்கி வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

“அப்படி இன்னா பேருப்பா வெச்ச?”

“இளங்கோ.”

“கெட்டுது போ. அது என் பேராச்சே. கட்டிக்கினு வந்த நாள்லேருந்து அத அவ வாயால சொன்னதே இல்லியேப்பா,” என்றவர், துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு மைக்கைக் கையில் வாங்கி மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “தே, நீ ‘வாங்க வாங்க’ன்னு ஆரம்பி. பேரு வர்ற எடத்துல நான் சொல்லிக்கறேன்.”