இரண்டாவது வெடி

வெர்னியர் அளவுகோலின் இரண்டு தாடைகளும் தோட்டாவைக் கவ்விக்கொண்டு நின்றன.

நீளம் கூடுதல்.

அதிகமில்லை. ஒரு தலைமுடி.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அந்தத் தலைமுடியளவு அங்கேயேதான் இருந்தது. தன் தலையில் இல்லாமல் போனதெல்லாம் வெர்னியரில்தான் வந்து நிற்கிறது என்று வழக்கமாகத் தனக்கே சொல்லிச் சிரித்துக்கொள்வார்.

இன்று சிரிப்பு வரவில்லை.

கை தவறவில்லை. கை தானாகவே அப்படிச் செய்திருந்தது.

பித்தளைக் கோதுக்குள், அந்த வெற்று உறைக்குள், குண்டை எவ்வளவு ஆழம் அழுத்துகிறோமோ, அதை வைத்துத்தான் தோட்டாவின் நீளம். ரொம்பவும் நீண்டுவிட்டால் துப்பாக்கி பூட்டாது. சுடப் போனவனுக்கு அவமானம், அவ்வளவுதான். ஒரு தலைமுடி மட்டும் நீண்டால், பூட்டும். குண்டின் மூக்கு குழலின் உட்புற வரிகளில் முட்டிக்கொண்டு நிற்கும். விசையை இழுத்தால் உள்ளே எழும் அழுத்தம் வெளியேற வழி தேடும். அது முன்பக்கமாகத்தான் போகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பின்பக்கம் குகநேசனின் கன்னம் இருக்கும்.

குகநேசன் அவர் மனைவியின் தம்பி.

அவருக்குச் சுடத் தெரியாது. முழுக்கோழி வாங்கி வந்தால் மனைவி வெட்டி முடிக்கும்வரை குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்கிற ஆள். அளக்க மட்டும் தெரியும். குளிர்காலம் தொடங்கினால் குகநேசன் ஒன்ராறியோவின் வடக்கே மான் வேட்டைக்குப் போவான். அவர் கராஜில் உட்கார்ந்து அவனுக்குத் தோட்டா செய்வார். சுட்ட கோதுகளைக் கழுவி, முகம் தெரிகிற மாதிரி மினுக்கி, வெடிமருந்து போட்டு, குண்டு வைத்து, ஒவ்வொன்றாக அளந்து.

பெட்டியை நீட்டினால் குகநேசன் இரண்டு கையாலும் வாங்குவான். கோயில் பிரசாதம் மாதிரி.

இந்தக் குடும்பத்தில் வேறு யாரும் அவரிடம் எதையும் அப்படி வாங்கியதில்லை. அதற்காகத்தான் இத்தனை வருடமும் செய்தார் என்று சொன்னால் வெட்கம்.

அதற்காகத்தான் செய்தார்.

காலையில் வந்திருந்தான், அடுத்த பெட்டி கேட்டு. ஒரு கையில் மட்டன் ரோல். மற்றக் கையில் போன்.

"அத்தான், இங்க பாருங்கோவன். எல்லாம் உங்கட கைவேலை."

போனில் ஒரு பெண் மான். இடுப்பில் பட்டிருந்தது. பின்னங்கால்கள் செத்துப்போக, முன்னங்கால்களால் உடம்பைப் பனியில் இழுத்துக்கொண்டிருந்தது. இழுத்த வழியெல்லாம் சிவப்பு. நின்றது. தலையைத் தூக்கிப் பார்த்தது. மறுபடி இழுத்தது.

படத்துக்குள் அவன் சிரிக்கிற சத்தம். வெளியே அவன் மெல்லுகிற சத்தம்.

வடிவாகக் காட்டவேண்டும் என்று விரலால் படத்தைப் பெரிதாக்கினான். ரோலின் எண்ணெய் மானின் கண்ணில் பூசிக்கொண்டது.

"ஏனடா திரும்பச் சுடேல்லை?"

"உங்கட தோட்டாவை வீணாக்கச் சொல்லுறியளே? தங்கம் மாதிரிச் செய்து தந்திருக்கிறியள். இன்னொண்டை எடுக்க மனமே வரேல்லை அத்தான். அது கிடந்து தானாச் செத்துது."

மீதி ரோலை வாய்க்குள் தள்ளினான்.

அவர் ஒரு துண்டும் தின்னவில்லை. ஆனாலும் அந்த எண்ணெய் இன்னும் அவர் தொண்டையில்தான் நிற்கிறது.

வெர்னியரைப் பார்த்தார்.

ஒரு தலைமுடி. என்ன சுத்தமாக வைத்திருக்கிறது கை. உள்ளுக்குள் எங்கேயோ ஒரு சின்னப் பெருமை தலைநீட்டியது.

அதைக் கண்டதும்தான் எழுந்து ஓடினார். கராஜின் மூலையில் இருந்த வாளிக்குள் வாந்தி எடுத்தார்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து அந்தத் தோட்டாவைத் தட்டிக் கழற்றினார். குண்டு தனி. மருந்து தனி. கோது தனி.

மினுக்கி வைத்திருந்த கோதுகளை மேசைக்குக் கீழே தள்ளினார். போன வருடத்துக் கரி அப்பியவற்றை வெளியே எடுத்தார்.

மருந்து போட்டார். குண்டு வைத்தார். அளந்தார். ஒவ்வொன்றையும் அளந்தார். அளவில் இம்மியும் பிசகவில்லை. அதைப் பிசகவைக்க அவருக்குத் துணிவில்லை, இனிமேல் ஆசையுமில்லை.

பிறகு கட்டைவிரலில் கரியைத் தொட்டு, ஒவ்வொரு தோட்டாவின் மேலும் இழுத்துவிட்டார்.

பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் கொட்டி மூடினார்.

பின்னேரம் குகநேசன் மூடியைத் திறந்தான்.

"சீ! என்ன அத்தான் இது? குப்பைக்குள்ள பொறுக்கின மாதிரி."

"ஓம், குப்பைதான். எறிய வச்சிருந்ததில செய்தது."

"அளவாவது சரியோ?"

"அளவு மட்டும் சரி. இதுக்கெல்லாம் கணக்குப் பாக்காத, தம்பி. ஒண்டுக்கு ரெண்டாச் சுடு."

"உங்களுக்கு வயசு போட்டுது."

"ஓம்," என்றார்.

குகநேசன் டப்பாவை ஒற்றைக் கையால் வாங்கினான். வாகனத்தின் கதவைத் திறந்து, பின் இருக்கையில் வீசினான்.

உள்ளே தோட்டாக்கள் கலகலவென்று உருண்டன.

அவர் அந்தச் சத்தம் அடங்கும்வரை வாசலில் நின்று கேட்டார்.